சைலன்சரை அப்புறம் மாற்றலாம், முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்

டல்லாஸுக்கு வந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் சில்வராடோ 1500 பிக்கப் வாங்கியிருக்கிறாராம், 5.3 லிட்டர் வி8 இன்ஜின். கம்பீரமாகச் சத்தம் வருகிற மாதிரி எக்ஸாஸ்ட் குழாயை மாற்ற வேண்டும். எந்த பிராண்ட், போர்லாவா, மேக்னாஃப்ளோவா, ஃப்ளோமாஸ்டரா? நானே மாட்டிக்கொள்ள முடியுமா? மைலேஜ் கூடுமா? கூட வேலை செய்கிறவர்கள் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே, அதாவது புகையின் நச்சைக் குறைக்கிற பாகத்தையே, எடுத்துவிடு, டெக்சாஸில் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள், அது உண்மையா?

கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். தம்பி, சைலன்சரை மாற்றுவதற்கு முன் யோசனை சொல்கிற ஆட்களை மாற்றுங்கள்.

கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்க மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி தப்பு. அதில் டெக்சாஸ், கலிஃபோர்னியா என்ற பேதமெல்லாம் கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து இங்கே சொந்த வண்டிகளுக்கு வருஷா வருஷம் நடந்த பாதுகாப்புப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பாதி படித்தவர்கள்தான் இப்படிக் கிளப்பிவிடுகிறார்கள். புகைப் பரிசோதனை கட்டாயமான கவுன்ட்டிகளில் அது அப்படியே இருக்கிறது. டல்லாஸ், டாரன்ட், காலின், டென்டன் கவுன்ட்டிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். பரிசோதனை செய்கிறவர் அதில் ஒயரைச் செருகி, வண்டியின் கம்ப்யூட்டரையே கேட்டுவிடுவார். கன்வர்ட்டர் இல்லையென்றால் அதற்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுக்கும். பி0420 என்ற பிழைக் குறியீடு விழும், செக் இன்ஜின் விளக்கு எரியும். பரிசோதனையில் தேறாத வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க மாட்டார்கள். அவ்வளவுதான் கதை. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை, அதாவது 'கேட்-பேக்' என்று விற்பதை, மாற்றினால் இந்த வம்பு எதுவும் இல்லை.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. டெக்சாஸ் சட்டத்தில் டெசிபல் கணக்கு இல்லை. நல்ல நிலையில் ஒரு மஃப்ளர், அதாவது சைலன்சர், இருக்க வேண்டும், அளவுக்கு மீறிய, வழக்கத்துக்கு மாறான சத்தம் வரக்கூடாது என்றுதான் இருக்கிறது. எது அளவுக்கு மீறியது என்று முடிவு செய்வது அன்றைக்கு உங்களை நிறுத்துகிற போலீஸ்காரரின் காது. நியூயார்க்கில் 2021-இல் கொண்டுவந்த சட்டப்படி அபராதம் 1000 டாலர் வரை போகலாம். ஊரில் புல்லட்டுக்குச் சைலன்சர் மாற்றியவர்களுக்கு என்ன நடந்தது, ரோடு ரோலர் எதன் மேல் ஏறியது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். இங்கே ரோலர் கிடையாது, அபராத டிக்கெட் உண்டு.

போலீஸ் நிறுத்தினால் தயவுசெய்து இறங்கிப் போகாதீர்கள். நமக்கு இறங்கிப் போய்ப் பேசுவதுதான் மரியாதை என்று ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. இங்கே அது மிரட்டலாகத் தெரியும். ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார்ந்திருங்கள். லைசென்ஸ் கேட்டால், எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். டிக்கெட் கொடுத்தால் குறித்த தேதிக்குள் பதில் சொல்லுங்கள் அல்லது கட்டிவிடுங்கள். டிராயரில் போட்டு மறந்தால் வாரண்ட்டில் வந்து நிற்கும். விசாவில் இருக்கிறவருக்கு அது தேவையே இல்லாத தலைவலி. குடியிருப்புச் சங்கம் இருக்கிற பகுதியில் வீடு எடுத்திருந்தால் அதன் விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு வி8 முழங்கினால் அன்று மாலையே கடிதம் வரும்.

இப்போது நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள். புதிதாக என்ன மாட்டலாம் என்று படம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு முன்னால், இப்போது அடியில் என்ன இருக்கிறது என்று படுத்துப் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே எதையாவது வெட்டி ஒட்டியிருக்கலாம். பிக்கப் தரையிலிருந்து உயரமாக நிற்பதால் ஜாக்கே இல்லாமல் உள்ளே புகுந்து, பேட்டரி ரம்பத்தால் சில நிமிடங்களில் கன்வர்ட்டரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்கிறதே. அப்படிப் போன இடத்தில் கன்வர்ட்டருக்குப் பதிலாக வெறும் குழாயை வெல்டிங் செய்து விற்றவர்கள் உண்டு. குழாயில் தடித்த வெல்டிங் தழும்பு, மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க ஒரு துண்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருப்பது, மூட்டுகளில் கரி படிந்த கோடு, இவையெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கரிக்கோடுதான் முக்கியம். அங்கே புகை கசிகிறது என்று அர்த்தம்.

நான் முதலில் வந்து இறங்கியது வடக்கே, மிச்சிகன் மாநிலத்தில். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புதான். அந்த உப்பு எக்ஸாஸ்டை அரித்துத் தின்றுவிடும். என் முதல் வண்டி வயதான ஒரு பிக்கப். மஃப்ளரைக் கம்பி போட்டுக் கட்டி விற்றிருந்தார்கள். ஓட்டினால் தலைவலி, தூக்கம் தூக்கமாக வரும். குளிர் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதானே ஓட்டுவோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். பனியில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து இன்ஜின் பக்க மூட்டைக் காட்டினார். நகத்தால் சுரண்டினார், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு, மணமும் கிடையாது நிறமும் கிடையாது, இதோடு இன்னொரு நாள் ஓட்டாதே என்றார். பனி மூடிய வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பின்னால் குழாய் வாயில் அடைத்த பனியைத் தள்ள வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு பனிக்காலத்திலும் இது தெரியாமல் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து உயிரை விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். டல்லாஸில் உங்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் வண்டி வடக்கிலிருந்து வந்ததா என்று அதன் பழைய பதிவுகளில் பாருங்கள்.

அன்றிலிருந்து என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன். நம் ஆட்களுக்கு இது பிடிபடாது. பெரிய படிப்பு படித்தவர்கள், ஆயில் எங்கே ஊற்றுவது என்று தெரியாது. அதில் ஒரு பெருமை வேறு. பிக்கப்பைப் பார்த்ததும் "என்ன சார், லோடு வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்பார்கள். அவர்களே சோபா வாங்கிய அன்று, "சார், சனிக்கிழமை வண்டி கிடைக்குமா?" என்று போன் செய்வார்கள். உங்களுக்கும் இந்தப் போன்கள் வரும், தயாராக இருங்கள்.

சரி, பிராண்ட். மூன்றும் பெயர் பெற்றவைதான், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது மஃப்ளரின் உள்ளமைப்பை. துளையிட்ட குழாய் நேராக ஓடி, சுற்றிலும் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு அடைத்தது ஒரு வகை. உள்ளே தகடு வைத்து அறை அறையாகத் தடுத்தது இன்னொரு வகை. ஃப்ளோமாஸ்டர் பெயர் வாங்கியது அதில்தான். அதைவிட முக்கியம், உங்கள் 5.3 இன்ஜின் பெரும்பாலும் சமவெளியில் சும்மா ஓடும்போது சில சிலிண்டர்களை அணைத்துக்கொள்கிற வகையாக இருக்கும். எட்டு சிலிண்டரில் 1500 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு வெடிப்பு என்றால், நான்காகும்போது ஐம்பது. அந்த அடித்தொண்டை 'உம்ம்ம்' கேபினுக்குள் புகுந்து காதை அழுத்தும். வீடியோவில் எல்லோரும் வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டுகிறார்கள். நீங்கள் கேட்கப்போவது ஐ-35-இல் ஆஸ்டின் வரை மூன்று மணி நேரம். ஆகையால் ரெசனேட்டர், அதாவது அந்த முழக்கத்தைக் குறைக்கிற கூடுதல் டப்பா, வைத்த செட்டாக வாங்குங்கள். அதே இன்ஜின் உள்ள வண்டியை எழுபது மைல் வேகத்தில், உள்ளே உட்கார்ந்து பதிவு செய்த வீடியோ இருந்தால் அதைக் கேளுங்கள். டிரெய்லர் இழுக்கிற எண்ணம் இருந்தால் குழாய் வாய் டயருக்குப் பின்னால் வெளியே முடிகிறதா என்றும் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் உசத்தி, 409 ரகம் போதும், அலுமினியம் பூசிய இரும்பு டெக்சாஸில் தாங்கும், மிச்சிகனில் தாங்காது.

நீங்களே மாட்டலாம். ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் இடம் கிடைக்கும். குழாயைத் தாங்குகிற ரப்பர் மாட்டிகள் அசையாது. சோப்புத் தண்ணீர் தடவி முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும். கிளாம்ப் எல்லாவற்றையும் தளர்வாகவே போட்டு, குழாய் எதிலும் இடிக்காமல் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னால் முறுக்கிக்கொண்டு வாருங்கள். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வரும், குழாயில் ஒட்டிய எண்ணெய் எரிகிறது, பயப்படாதீர்கள்.

மைலேஜ் அதிகமாகாது. அந்தச் சத்தம் கேட்கிற ஆசையில் மிதிப்பீர்கள், குறையத்தான் செய்யும். ஆர்டர் போடுவதற்கு முன் வண்டி எந்த வருஷம், கேப், அதாவது ஆட்கள் உட்காரும் அறை, எது, பெட், அதாவது பின்னால் இருக்கிற சரக்குத் தொட்டி, 5 அடி 8 அங்குலமா 6 அடி 6 அங்குலமா என்று எழுதுங்கள். அதற்கேற்பக் குழாய் நீளம் மாறும். அப்படியே அடியில் இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.