மின்கருவிகளின் சரிசெய் திருகுகள் அதிர்வில் கழலாமல் இருக்க என்ன செய்யலாம்?

பெங்களூரு பீன்யாவில் மரப்பட்டறை நடத்தும் நண்பர், தம் கட்டர் மெஷினில் 90 டிகிரியை நிர்ணயிக்கும் சிறு திருகு அடிக்கடி நகர்ந்து வெட்டு சாய்ந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறார்.

அச்சுக்குக் குறுக்காக வரும் அதிர்வில் மரைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதால் திருகு தானாகவே பின்னோக்கிச் சுழலும் என்பதை 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். வழக்கமான திருகை இறுக்கி முடுக்கி இதைத் தடுக்கலாம். சரிசெய் திருகோ வேண்டிய இடத்தில் நிற்க வேண்டியது என்பதால் அந்த வழி இங்கே இல்லை. ஸ்பிரிங் வாஷரை நான் பரிந்துரைப்பதில்லை, இத்தகைய அதிர்வில் அது பெரும்பாலும் பெயருக்குத்தான்.

இடம் இருந்தால், திருகில் கூடுதலாக ஏற்றி அதை நகரவிடாமல் இறுக்கும் ஒரு பூட்டு நட்டு போதும். இல்லையெனில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில், மரைகளைப் பிடித்து நிறுத்தும் திரவப் பசையான லாக்டைட் 222 என்று கேளுங்கள். ஊதா நிறமுள்ள இது, பின்னர் கைக்கருவியாலேயே திருப்பக்கூடிய மென்பிடி வகை. சிவப்பு நிற 271ஐ இட்டால் சூடாக்கித்தான் கழற்ற முடியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரைகளில் எண்ணெயும் மரத்தூளும் போகத் துடைத்து, ஒரே ஒரு சொட்டு இட்டு, கோணத்தை மூலைமட்டத்தால் சரிபார்த்து, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இது இறுகும். பிளாஸ்டிக் உடலில் பட்டால் விரிசல் விழக்கூடும். திருகு பிளாஸ்டிக்கில் இறங்குவதானால், தலையோரம் சிறிது நகப்பூச்சே மேல்.