விலை குறைந்தும் தேயிலையை ஏன் கொட்டினார்கள்?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1773 தேயிலைச் சட்டத்தால் வரி கூடியது, அதனால் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் போஸ்டனில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்கிறது பயிற்சி மையக் குறிப்பு. நூலகப் புத்தகமோ விலை குறைந்தது என்கிறது. எதை எழுதுவது?

பதில்: புத்தகத்தை நம்புங்கள். 1773 சட்டம் புது வரி எதுவும் போடவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி 1767-லேயே வந்துவிட்டது. கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம் மீதான வரிகளை 1770-ல் நீக்கியபோது, வரி போடும் உரிமையை நிலைநாட்டவே தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கிலாந்துச் சுங்கம் திருப்பித் தரப்பட்டது. லண்டன் ஏலம் இல்லாமல் நேரே அமெரிக்காவுக்கு அனுப்பவும் அனுமதி கிடைத்தது. விலை இறங்கியது அதனால்தான்.

ஆனால் அந்த மலிவுத் தேயிலையை வாங்கினால் 3 பென்ஸையும் கட்டியாக வேண்டும். கட்டிவிட்டால், தாங்கள் ஓட்டுப் போடாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதுவரை உள்ளூரில் வரி போட்டவை மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள். பல குடியேற்றங்களில் ஆளுநரின் சம்பளமே அவற்றின் கையில் இருந்தது. 1767 வரிப்பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரலாம் என்றானதும் அந்தப் பிடி தளர்ந்தது. இதை எந்த ரெடிமேட் நோட்ஸும் சொல்வதில்லை. 'பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை' என்ற ஒரு வரிக்கே முழு மதிப்பெண் விழும்போது அவர்கள் ஏன் மெனக்கெடப் போகிறார்கள்?

வணிகர்களின் கோபம் வேறு. கம்பெனி பொறுக்கியெடுத்த ஏஜென்டுகளுக்கு மட்டுமே சரக்கு போனது. போஸ்டனில் அவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். கப்பல் வந்து 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கு சுங்கத்துறையின் கைக்குப் போய்விடும். டார்ட்மவுத் கப்பலின் கெடு நெருங்கியது. அதைத் திருப்பி அனுப்பவும் ஹட்சின்சன் அனுமதிக்கவில்லை. டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களிலிருந்த 342 பெட்டிகள் கடலுக்குப் போயின.

ஒன்றில் கவனம் தேவை: 'லண்டன் போட்ட எல்லா வரியையும் எதிர்த்தார்கள்' என்று எழுதாதீர்கள். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் துறைமுகத் தீர்வைகளைக் கொள்கையளவில் பொறுத்துக்கொண்டார்கள். 1733 முதலே அயல்நாட்டு மொலாசஸுக்கு (கரும்புச் சர்க்கரைக் கழிவுப் பாகு) கேலனுக்கு 6 பென்ஸ் தீர்வை இருந்தது. பெரும்பாலும் கடத்தல் மூலம் தப்பித்தார்கள், கிளர்ச்சி செய்யவில்லை. 1764-ல் அது 3 பென்ஸாகக் குறைந்தது. அப்போதுதான் எதிர்ப்பு கிளம்பியது! ஏனென்றால் இம்முறை சட்டமே வருவாய்க்காக என்று அறிவித்தது, வசூலும் கெடுபிடியானது. கடத்தல் வழக்குகளை ஜூரி இல்லாத ஹாலிஃபாக்ஸ் கடல்சார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் வழி செய்தார்கள். பாதியாகக் குறைந்த வரிக்கு ஏன் எதிர்ப்பு என்பது புரிந்தால் 1773-ம் புரிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கிய குறிப்பில் '1773: வரி உயர்வு' என்றோ, கொட்டியது இந்தியத் தேயிலை என்றோ இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். கம்பெனி அனுப்பியது சீனத் தேயிலை.