மரபறிவு, ஆய்வு, உரிமை: கேட்டதும் சொன்னதும்

தொல்குடி மக்களின் அறிவு, ஆய்வுலகம் அதை நடத்தும் விதம் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மரபறிவு என்கிறீர்கள். சோதித்துப் பார்க்காத ஒன்றை அறிவு என்று எப்படி ஒத்துக்கொள்வது? நான் இயற்பியல் படித்தவன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் "சோதிக்காத" என்று எப்படி முடிவுகட்டினீர்கள்?

அலாஸ்காவின் வட கோடியில் வாழும் இன்யூபியாட் மக்கள் போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடிப் பிழைப்பவர்கள். 1977-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அந்த வேட்டைக்குத் தடை போட்டது. இரண்டாயிரம்கூட மிஞ்சவில்லை என்பது அப்போதைய மதிப்பீடு. எப்படி எண்ணினார்கள் தெரியுமா? வசந்தத்தில் கடற்பனி பிளந்து நீர் தெரியும் இடத்தில், பனி விளிம்பில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பிளவு மூடிக்கொண்டாலும் திமிங்கிலம் நிற்காது. பனிக்கு அடியிலேயே போகும், மூச்சு முட்டினால் தலையால் பனியை முட்டி உடைக்கும். கரையிலிருந்து வெகு தொலைவிலும் போகிறது, நீங்கள் பார்ப்பது ஒரு பங்கைத்தான்" என்பது அவர்கள் வாதம். பிறகு நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, கண்ணில் படாத திமிங்கிலங்களின் குரல் பனிக்கடியிலிருந்து வந்தது. எண்ணும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது. இடையில் இனம் பெருகியதும் உண்மை. ஆனால் முதல் கணக்கு தப்பு என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தாம்.

பனி பற்றித் தப்புக்கணக்குப் போட்டால் உயிர் போகும் இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அதைவிடக் கடுமையான சோதனை எந்த ஆய்வகத்தில் இருக்கிறது?

கேள்வி: அப்படியானால் முன்னோர் சொன்னதெல்லாம் சரியா? வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைக் குறிப்பெல்லாம்?

இல்லை. வாட்ஸ்அப் குறிப்புக்கு மண்ணும் இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை. அதை மரபறிவோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: எழுத்தில் இல்லாத செய்தி எத்தனை காலம் தாங்கும்? இரண்டு தலைமுறையில் திரிந்துவிடாதா மேடம்?

சிலது திரியும். சிலது திரியாமல் இருக்கப் பாட்டாகக் கட்டிவைத்திருப்பார்கள். இந்தோனேசியாவின் சிமலூ தீவை 1907-ல் ஆழிப்பேரலை தாக்கியது. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. அலை வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் "ஸ்மோங்" என்று கத்த, எல்லாரும் குன்றுகளுக்கு ஓடினார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். சைரனும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை.

கேள்வி: முனைவர் பட்டத்துக்காகத் தொல்குடி ஊர் ஒன்றில் கள ஆய்வு செய்யப்போகிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா அக்கா?

போதாது தம்பி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990 முதல் ரத்த மாதிரி கொடுத்தார்கள். அவர்களிடையே சர்க்கரை நோய் மிக அதிகம், காரணம் தெரியட்டும் என்றுதான் கை நீட்டினார்கள். படிவத்தில் பொதுப்படையாக எழுதியிருந்ததை வைத்து, அதே ரத்தம் மனச்சிதைவு, நெருங்கிய உறவில் மணம், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் பயன்பட்டது. நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தோன்றியவர்கள் என்று நம்புகிறவர்களின் ரத்தத்தை வைத்தே, இல்லை, வெளியிலிருந்து வந்தீர்கள் என்று கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? வழக்கு நடந்து, 2010-ல் அந்த ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தங்களை ஆய்வு செய்ய வருபவர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதினார்கள். அதைத் தேடிப் படியுங்கள், சிறியதுதான். என்னைக் கேட்டால், ஆய்வுக் கேள்வியை எழுதும் முன்பே போய்வாருங்கள். அவர்களுக்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கும். அதையும் ஆய்வில் சேருங்கள்.

கேள்வி: காப்புரிமைச் சண்டைகளில் கடைசியில் யாருக்காவது பணம் கிடைக்கிறதா?

கொஞ்சம். அதே சான் மக்கள் பாலைவனத்தில் பசியை அடக்க ஹூடியா என்ற சதைச்செடியை மெல்லுவார்கள். அதிலிருந்த பொருளுக்கு அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை வாங்கி, உடல் மெலிய மருந்தாக்க வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்கள் அழிந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தோம் என்பது அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் விளக்கம்! 2003-ல் ஒப்பந்தம் போட்டு உரிமத்தொகையில் 6 விழுக்காடு தருவதாகச் சொன்னார்கள். மருந்து கடைக்கு வரவே இல்லை. இல்லாத லாபத்தில் 6 விழுக்காடு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஆறு எங்கள் மூதாதை என்பது அழகான கவிதை. சட்டத்துக்கு உதவுமா?

உதவியிருக்கிறது. நியூசிலாந்தின் தொல்குடியான மாவோரி மக்கள் மூதாதையாகக் கருதும் வாங்கனுயி ஆற்றுக்கு 2017-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டப்படி ஆள் தகுதி கொடுத்தது, அதாவது சட்டத்தின் முன் ஒரு மனிதரைப் போல உரிமைகள் உண்டு. மலையிலிருந்து கடல்வரை பிரிக்க முடியாத ஓர் உயிர் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆற்றின் சார்பில் பேச இருவர், ஒருவரை அரசு நியமிக்கும், இன்னொருவரை மாவோரி மக்கள். ஆனால் ஏற்கனவே மின்சாரத்துக்குத் தண்ணீர் திருப்பிவிட வழங்கிய அனுமதிகள் அப்படியே நீடித்தன. அதையும் சேர்த்துத்தான் கொண்டாட வேண்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அழியாதே?

யாருக்காக ஏற்றுகிறீர்கள்? ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கிய முகுர்ட்டு என்ற மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவுசெய்கிறது. சில சடங்குகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும், இறந்தவர் படம் குடும்பம் சம்மதித்தால் மட்டும். எல்லாம் எல்லாருக்கும் என்பதும் ஓர் உலகப்பார்வைதான், நமக்குப் பழகிப்போனதால் அது பொதுவிதி மாதிரித் தெரிகிறது.

கேள்வி: தகவல் சொன்ன பெரியவரைக் கட்டுரையில் ஆசிரியராகச் சேர்க்கலாமா? எங்கள் துறையில் நன்றியுரையோடு சரி.

தாராளமாக. ஆஸ்திரேலியாவில் பவாகா என்ற நிலத்தையே முதல் ஆசிரியராகப் போட்டு வெளிவந்த கட்டுரைகள் உண்டு, ஒரு பெரியவரைப் போடுவதில் என்ன தடை? ஆனால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் தம் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரைப் போடு என்பார்கள். சிலர் இரண்டுமே வேண்டாம் என்பார்கள். அப்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் கட்டுரையை முடிக்க வேண்டியிருக்கும், உங்கள் வழிகாட்டியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.