மாசிப்பனி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உடன்குடிப் பக்கத்துக்காரன் நான். இப்போது மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஹோட்டன் என்கிற சின்ன ஊரில் எந்திரவியல் முதுகலை படிக்கிறேன். சுப்பீரியர் ஏரிக்குள் விரல் நீட்டினாற்போல் கிடக்கும் கீவினா தீபகற்பத்தில் இருக்கிறது ஊர். எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். நவம்பரில் பிடித்தது இன்னும் விடவில்லை. காலையில் வாசலில் வழி வெட்டிவிட்டு வகுப்புக்குப் போய்த் திரும்பினால், வெட்டின இடம் தெரியாது. வீட்டுக்காரரோடு இரண்டு தடவை கூரையில் ஏறிப் பனியை வாரித் தள்ளினேன்.

அறைத்தோழன் மினசோட்டாக்காரன். அவன் தொந்தரவு தாங்காமல், காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு பனியில் போகிற ஸ்கீ பழகினேன். பிப்ரவரிக் கடைசியில் விஸ்கான்சினில் ஹேவர்ட் ஊரில் நடக்கிற அமெரிக்கன் பிர்க்கபைனர் பந்தயத்துக்கு ஏழு பேர் ஒரு வேனில் போனோம். ஒரு தேவாலயக் கூடத்தில் தரையில் படுக்கை. 50 கிலோமீட்டர் பெரிய பந்தயம் சனிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை நடக்கிற சின்னப் பந்தயத்தில், 29 கிலோமீட்டர் கொர்ட்டலோபெட்டில் ஓடினேன். காலையில் மைனஸ் 19 டிகிரி. ஸ்கீயின் அடியில் முந்தின வாரம் பூசின நீல மெழுகோடு அப்படியே போய் நின்றுவிட்டேன். ஸ்கீ நகரவே மாட்டேன் என்றது. நம் ஊர்ச் செம்மணல் தேரியில் சைக்கிள் உருட்டுகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எழுபது வயதுக்காரர்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். 4 மணி 11 நிமிடம். கடைசியிலிருந்து எண்ணினால் என் பெயர் சீக்கிரம் வந்துவிடும்.

வீட்டுக்குப் போன் செய்தேன். "பனியில என்னத்துக்குலே ஓடுத?" என்றார் தாத்தா. ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறியவர்.

இதை எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். கட்டுரையை இணைத்திருக்கிறேன். எனக்கே அது மொழிபெயர்த்தது மாதிரி இருக்கிறது. பனிக்கு நம்மிடம் ஒரே ஒரு சொல்தான் உண்டு. அனுபவமே இல்லாத மொழியில் இதை எப்படி எழுதுவது? கடைசியில் வந்தவனுக்கு எழுதத்தான் என்ன இருக்கிறது?

(பெயர் வேண்டாம், அண்ணாச்சி.)

—

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுரையைப் படித்தேன். வெண்பட்டு விரித்த பூமி, வானம் தூவிய பஞ்சு, மோனத் தவமிருக்கும் மரங்கள். நாலு பக்கத்தில் பட்டு மூன்று இடத்தில் வருகிறது. அதைத் தூர வையுங்கள். அதோடு நீங்கள் அனுப்பிய கடிதம்தான் கட்டுரை. அதிலும் ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை இங்கே எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்: தேரியில் சைக்கிள் உருட்டுகிற மாதிரி.

அதை ஓர் உவமை என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். உண்மையில் நடந்ததே அதுதான். ஸ்கீ வழுக்குவதற்குக் காரணம், அதன் அடிக்கும் பனிக்கும் நடுவே உரசலின் சூட்டில் உண்டாகிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரம். குளிர் மைனஸ் பத்தைத் தாண்டிக் கீழே போகப் போக அந்த ஈரம் போதாமல் போகும். மைனஸ் இருபதில் புதுப்பனியின் ஒவ்வொரு துகளும் காய்ந்த, கூரான மணல். போதாததற்கு உங்கள் மெழுகு நீலம். அந்தக் குளிருக்கு அது இளகின மெழுகு. துகள்கள் அதில் குத்தி நின்றுகொள்ளும், விடாது. நீங்கள் 29 கிலோமீட்டரும் மணலில்தான் போயிருக்கிறீர்கள். விஸ்கான்சினில் பிறந்தவனுக்கு இது பாடப்புத்தகத்தில் தெரியும். செம்மணலில் சைக்கிள் உருட்டிய பிள்ளைக்கு முழங்காலில் தெரிந்திருக்கிறது.

எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பழக்கம். மகள் மினியாபொலிஸில் இருந்தபோது இரண்டு குளிர்காலம் அவளோடு இருந்தேன். ஒரு வருடம் அவள் கூட்டிப்போய் ஹேவர்டில் மெயின் தெருவில் நிறுத்தி, கையில் ஒரு மாட்டு மணியைக் கொடுத்தாள். நான் ஓடவில்லை. ஆட்டினேன். மூன்று மணி நேரம் ஆட்டினேன். பனியை லாரியில் கொண்டுவந்து கொட்டி, கடைத்தெருவையே ஓடுதளமாக்கி வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலைக்கு மேலே, அந்தப் பந்தயத்துக்கென்றே பாலம் போட்டிருந்தார்கள். உறைந்த ஏரியைக் கடந்து, பாலம் ஏறி இறங்கி வருகிறவர்களின் இமையில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. கண்கள் பனித்தன என்று நாம் எத்தனை கதையில் எழுதியிருப்போம்! அங்கே அது வெறும் செய்தி.

ஒரே சொல் என்கிறீர்கள். இருக்கட்டுமே. அந்த ஒரு சொல்லுக்குள் பனித்துளியும் உண்டு, மூடுபனியும் உண்டு. பழைய தமிழில் நடுக்கமும் கண்ணீரும்கூட உண்டு. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நாலு மாதத்தை அதற்கு எழுதி வைத்திருக்கிறோம். பிர்க்கபைனர் நடப்பது மாசியில், பின்பனியில். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊர்க் கிழவிகள் சொன்னது ஒரு போர்வைக் குளிருக்கு. ஹோட்டனில் மாசிப்பனி மெய்யாகவே மச்சைத் துளைக்கும், வாராமல் விட்டால். நீங்கள் இரண்டு தடவை கூரையேறினேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அது இரண்டு பக்கம் வேண்டும். வாரின பனியின் கனம் என்ன, கீழே விழும்போது என்ன சத்தம் கேட்டது, வீட்டுக்காரர் உங்களை எந்த ஓரத்தில் நிற்காதே என்றார்? தள்ளுவண்டி மாதிரி இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போகிற அந்தப் பெரிய தகர ஸ்கூப்பை உங்கள் கட்டுரையில் தேடினேன். காணோம். பட்டு இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு பனி என்பதையும் எழுதலாம். கனடாப் பக்கமிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாமல் கிடக்கிற ஏரிமேல் நடந்து வருகிறது. ஏரி காற்றைவிடச் சூடு. காற்று ஈரத்தை மொண்டுகொண்டு கரையேறும். தீபகற்பத்தின் நடுமுதுகு மேடு. அதில் முட்டி மேலே எழும்பியதும் சுமையை இறக்கிவிடும். சராசரியாக ஒரு குளிர்காலத்துக்கு 200 அங்குலத்துக்கு மேல். 1978-79 குளிர்காலத்தில், உங்கள் ஊருக்கு வடக்கே கீவினா கவுண்டியில் 390.4 அங்குலம், கிட்டத்தட்ட பத்து மீட்டர். அந்தக் கணக்கைக் காட்ட நெடுஞ்சாலை ஓரத்தில் வெப்பமானி மாதிரி ஓர் உயரப் பலகை நிற்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். தாம்பிரபரணிக்காரனுக்கு மேற்கு மலையும் பருவக்காற்றும் தெரியும். காற்று, நீர், மேடு. அங்கேயும் அதே மூன்று பேர்தான்.

அடுத்து, உங்கள் கட்டுரையில் வருகிற 'பனிச்சறுக்கு'. செய்தித்தாளில் அப்படித்தான் போடுகிறார்கள். மலையுச்சியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். நீங்கள் செய்தது அது இல்லை. மேடேறி, பள்ளம் இறங்கி, சமதளத்தில் தள்ளித் தள்ளி நடந்தீர்கள். நம் மொழியில் சறுக்குவது என்றால் தவறுவது. ஆனைக்கும் அடி சறுக்கும். உங்கள் விளையாட்டில் முன்காலுக்கு அடி சறுக்க வேண்டும், உதைக்கிற காலுக்குச் சறுக்கக் கூடாது. ஒரே பலகை இரண்டையும் செய்ய வேண்டும். இந்தச் சூட்சுமத்தைச் சொல்லாமல் பந்தயத்தை எழுதினால் படிக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

எனக்கு அதை விளக்கியவர் மகளின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஸ்கீயைத் தரையில் வைத்து, அடியில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துக் காட்டினார். காகிதம் தாராளமாக ஓடியது. நடுப்பகுதி வில் மாதிரி மேலே வளைந்து நிற்கிறது. ஒட்டும் மெழுகு அந்த நடுவில் மட்டும். முனையிலும் வாலிலும் வழுக்கும் மெழுகு. ஒற்றைக் காலில் முழு எடையையும் வைத்து அழுத்தினால் வில் நிமிர்ந்து, நடுமெழுகு பனியைப் பிடிக்கும். எடையை அடுத்த காலுக்கு மாற்றினால் வில் மறுபடி எழும்பி, பிடி விட்டுவிடும். கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குறைந்தால் நீலம், அப்புறம் ஊதா, உறைநிலைக்குப் பக்கத்தில் சிவப்பு. நிறத்தைத் தவறாக எடுத்தால் ஒன்று ஒட்டாது, இல்லாவிட்டால் விடாது.

அழுத்தினால் பிடிக்கும், எடுத்தால் விடும். உங்கள் தாத்தா காலில் மாட்டியிருந்த தளைநாருக்கு வேறென்ன வேலை? பாரம் பாதத்தில் இறங்கும்போது நார் மரத்தைக் கவ்வும். காலைத் தூக்கினால் கழன்று மேலே வரும். நாற்பது பனை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கவ்வி எத்தனை தடவை விட்டிருப்பார்! என்னத்துக்குலே ஓடுத என்று கேட்டவரிடம் அடுத்த போனில் மெழுகைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கிளப்பில் இருக்கிற எவரையும்விட அவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

பந்தயத்தின் பெயரும் காலோடு சேர்ந்ததுதான். பிர்க்கபைனர் என்றால் பிர்ச் கால்காரர்கள். 12ஆம் நூற்றாண்டு நார்வேயில் உள்நாட்டுப் போர். ஒரு கட்சிக்காரர்கள் பரம ஏழைகள், காலில் போட ஒன்றும் இல்லாமல் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். எதிரிகள் கேலியாக வைத்த பெயர் அது. கேலிப் பெயரையே கொடியாக்கிக்கொண்டார்கள். நம் பக்கத்தில் பனையேறி என்பதை ஒரு காலத்தில் எந்தக் குரலில் சொன்னார்கள் என்று உங்கள் வீட்டில் தெரியும். நான் விளக்க வேண்டாம். 1206இல், அரச வாரிசான ஹாகோன் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை. எதிரிகள் கையில் சிக்காமலிருக்க, பிர்ச் கால்காரர்கள் இரண்டு பேர் அவனைச் சுமந்துகொண்டு லில்லஹாமரிலிருந்து கடுங்குளிரில் மலை தாண்டினார்கள். 1217இல் அவன் அரசனானான். அதன் நினைவாக நார்வேயில் 1932இல் தொடங்கிய பந்தயத்தில் இன்றும் 54 கிலோமீட்டருக்கு ஒவ்வொருவரும் முதுகில் மூன்றரைக் கிலோ சுமந்து ஓட வேண்டும், குழந்தையின் கணக்கு. ஹேவர்டில் சுமை கிடையாது. பதிலுக்கு மூன்று பேர் பழைய காலத்து உடுப்பில், மரக்கட்டை ஸ்கீயில், ஒரு பொம்மை இளவரசனைச் சுமந்து முழுத் தூரமும் வருகிறார்கள். இரண்டு வீரர்கள், குழந்தையின் தாய் இங்கா. அவர்கள் கடைத்தெருவுக்குள் வந்தபோது எழுந்த சத்தத்தில் என் மணி எனக்கே கேட்கவில்லை. முதலில் வந்தவனுக்கு அவ்வளவு சத்தம் இல்லை. (முதலில் வந்தவன் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே போய்விட்டான் என்பதும் உண்மை.)

கடைசியில் வந்தவனுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். நம் பள்ளிக்கூடம் கொடுத்தது. 1973இல் டோனி வைஸ் என்கிற உள்ளூர் வியாபாரி இதை ஆரம்பித்தபோது ஓடியவர்கள் 35 பேர். இப்போது அந்த வார இறுதியில் எல்லாப் பந்தயங்களுக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறார்கள். வெல்லப்போகிறவர்கள் ஐம்பது பேர் இருப்பார்களா? மற்றவர்கள் அடுத்த வருடமும் வருகிறார்கள். இருபது தடவை முடித்தவருக்கு மார்பெண் தனி நிறத்தில். உங்களைத் தாண்டிப்போன எழுபது வயதுக்காரர் என்ன நிறம் போட்டிருந்தார் என்று கவனித்தீர்களா? தாண்டும்போது ஏதாவது சொன்னாரா? வேகமாகப் போகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. உங்களுக்கு 4 மணி 11 நிமிடம் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000த்திலும் 2017இலும் பனி இல்லாமல் இந்தப் பந்தயம் நின்றுபோனது. 2024இல் இயந்திரத்தில் பனி செய்து, பத்து கிலோமீட்டர் வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நீங்கள் எந்திரவியல் படிப்பவர், பனி செய்கிற இயந்திரத்தைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

சொற்களுக்காக மூளையைக் குழப்ப வேண்டாம். ஸ்கீயை ஸ்கீ என்றே எழுதுங்கள். கனடாவில் ஈழத்து வீடுகளில் ஸ்னோ கொட்டுது என்கிறார்கள், வாய்க்கு வந்த தமிழ், நன்றாகத்தான் இருக்கிறது. மழைக்குச் சொல்கிற கொட்டுதலை அதற்கும் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தேரி, தளைநார், வார், வெட்டு, கொட்டு. இவ்வளவும் உங்கள் கடிதத்திலும் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஏப்ரலில் பனி உருகியதும் ஸ்கீயின் நடுவில் இருக்கும் ஒட்டு மெழுகைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். முனைக்கும் வாலுக்கும் வழுக்கு மெழுகை உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே கோடை முழுக்க விட்டுவிடுங்கள், அடி காய்ந்து போகாது. தபால்காரர் சொன்னது. அப்புறம், பச்சை மெழுகு ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி