கென்டக்கியில் நின்றுபோன வம்ச மரம்: அடுத்து எங்கே தேடுவது?

ஓஹாயோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் கணவர் அமெரிக்கர். அவருடைய முன்னோர் டேனியல் பூன் (1770களில் கென்டக்கிக்கு மலைவழி திறந்தவர்) காலத்திலேயே கென்டக்கிக்கு வந்தவர்கள் என்று மாமியார் சொல்வார். மகளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். 1810 கணக்கெடுப்பில் ஒரு பெயர் கிடைத்தது, அதற்கு முன்னால் போக முடியவில்லை. இணையத்தில் யாரோ போட்ட மரமோ ஓர் ஆங்கிலேயப் பிரபு வரை போகிறது. நம்பலாமா?"

பிரபுவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரே பெயருள்ள இருவரை யாராவது ஒட்டவைத்திருப்பார், மற்றவர்கள் அப்படியே நகலெடுத்திருப்பார்கள். நூறு மரங்களில் இருந்தாலும் அது ஒரே ஊகம்தான்.

நீங்கள் 1810இல் முட்டி நிற்பது உங்கள் தவறல்ல. அமெரிக்காவின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தாலும் கென்டக்கியின் 1790, 1800 பட்டியல்கள் இன்று இல்லை. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மனைவி, மக்கள் எல்லாம் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். எல்லோர் பெயரும் வருவது 1850 முதல், அதுவும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இல்லை. மாநிலம் முழுக்க நிரந்தரமான பிறப்புப் பதிவு 1911இல்தான் தொடங்கியது.

அப்படியானால் எதைப் பிடிப்பது? நிலத்தை. மலை தாண்டி அவர்கள் வந்ததே நிலத்துக்காகத்தான் (ஷானி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய நிலம் என்பதையும் மகளுக்கு எழுதுங்கள்). கென்டக்கி 1792இல் தனி மாநிலமாகும் வரை வர்ஜீனியாவின் பகுதி. 1779இல் வந்த வர்ஜீனியா சட்டப்படி, 1778 பிறக்கும் முன்பே அங்கே குடியேறியிருந்தவர் 400 ஏக்கர் கோரலாம். அந்தச் சான்றுகளும் சர்வேக்களும் பிராங்க்ஃபோர்ட் நகரில் மாநில நில அலுவலகத்தில் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். மாமியார் சொல்லும் கதையை உரசிப் பார்க்க இதுதான் கல்.

அக்காலப் பத்திரத்தில் எல்லை ஏறக்குறைய இப்படிப் போகும்: ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் நிலத்து மூலையைத் தொட்டு, 60 'போல்' (pole) தூரம் போய் ஒரு பீச் மரம் வரை. ஒரு போல் என்பது பதினாறரை அடி. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 'இன்னார்'தான் உங்களுக்கு வேண்டிய ஆள். பெரும்பாலும் மாமன், மச்சான், ஒரே சபைக்காரர்கள் என்று கூட்டமாகத்தான் வந்தார்கள். அண்டை நிலத்துக்காரர் வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) விட்டு வந்தார் என்று தெரிந்தால், அங்கே உங்கள் பெயரையும் தேடுங்கள். நிலத்தை விற்கும்போது மனைவியைத் தனியே விசாரித்துச் சம்மதம் எழுதுவதும் உண்டு. பெண்ணின் பெயர் கிடைக்கும் அபூர்வமான இடம் அது.

அப்புறம் வரிப் பட்டியல். இதை வருடவாரியாகப் பாருங்கள். ஒரு பெயர் புதிதாக முளைத்தால் அவருக்கு 21 வயது ஆகியிருக்கலாம், அல்லது வெளியூரிலிருந்து வந்திருக்கலாம். ஒரு பெயர் மறைந்து, அதே ஓடைக்கரை நிலம் வேறு பெயரில் வந்தால் அந்த வருடத்து உயில்களைப் புரட்டுங்கள். ஓர் எச்சரிக்கை: பெயருக்குப் பின்னால் சீனியர், ஜூனியர் என்றிருந்தால் அப்பா, மகன் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பெயருள்ள பெரியவரையும் சின்னவரையும் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள்.

கவுண்டி எல்லைகளும் ஆளைக் குழப்பும். 1792இல் ஒன்பது, இன்று 120. குடும்பம் நகராமலே கவுண்டி மாறியிருக்கும், பழைய பதிவேடு தாய்க் கவுண்டியிலேயே தங்கியிருக்கும். இடம் மாறித் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆபிரகாம் லிங்கனே சாட்சி. அவருடைய பெற்றோர் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் திருமணப் பதிவைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கல்யாணமே நடக்கவில்லை என்றுகூட வதந்தி கிளம்பியது. 1806ஆம் ஆண்டின் அந்தத் திருமணப் பிணைப்பத்திரம் (கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று மாப்பிள்ளையும் ஒரு பிணையாளரும் எழுதித் தரும் உறுதி) 1878இல் வாஷிங்டன் கவுண்டியில் அகப்பட்டது. லிங்கன் இறந்து 13 வருடம் ஆகியிருந்தது. அதில் மாப்பிள்ளையோடு கையெழுத்திட்ட ரிச்சர்ட் பெரி, தன்னைப் பெண்ணின் கார்டியன் என்று எழுதியிருக்கிறார். இப்படிப் பிணை நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவோ அண்ணனோதான், அதனால் அந்தப் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆளோ அண்டைவீட்டாரோ அமெரிக்க விடுதலைப் போரில் (1775-83) இருந்திருந்தால் 1832 பென்ஷன் மனுக்களையும் பாருங்கள். எங்கே பிறந்தார், படையில் சேரும்போது எங்கே இருந்தார், பிறகு எங்கெங்கே வாழ்ந்தார் என்று நீதிமன்றத்தில் கேட்டு எழுதினார்கள். விதவைகள் திருமணத்துக்குச் சான்றாகக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்துக் கொடுத்ததும் உண்டு.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 1810 பக்கத்தில் உங்கள் பெயருக்கு மேலே பத்து, கீழே பத்துப் பெயர்களை எழுதுங்கள். எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கினால் பட்டியலை அகரவரிசைப்படுத்தியிருக்கிறார்கள், அண்டைவீட்டார் அங்கே தெரியமாட்டார்கள். அப்போது அதே வருட வரிப் பட்டியலில் ஓடையின் பெயர் இருக்கும் பத்தியைப் பிடித்து, அந்த ஓடைக்காரர்கள் அத்தனை பேரையும் எடுத்து எழுதுங்கள்.