கேள்வி – பதில்: ஸ்டெப்னி ஒன்று போதாது

கேள்வி: ஜூலையில் கனடாவின் டாசன் சிட்டியிலிருந்து டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக இனுவிக் வரை காரில் போகிறோம். நடுவில் காரைப் படகில் ஏற்ற வேண்டுமாமே, முன்பதிவு உண்டா? எத்தனை நாள் வேண்டும்?

பதில்: முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. பீல், மெக்கன்சி ஆறுகளின் கரையில் வரிசையில் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள். இறங்குதுறை என்பது கரையில் குவித்த சரளை மேடுதான். மழையில் ஆற்று மட்டம் ஏறினால் அது கரைந்துவிடும். சரிசெய்யும்வரை படகு ஓடாது. அதனால் போக வர 6 நாள், காத்திருக்கத் தனியாக 2 நாள் ஒதுக்குங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது டயரைப் பற்றித்தான். சுமார் 740 கிலோமீட்டரில் பெரும்பகுதி சரளைச் சாலை. கத்தி முனை போன்ற பலகைக்கல் சில்லுகள் டயரின் பக்கச்சுவரையே கிழிக்கும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. முழு அளவு ஸ்டெப்னி இரண்டு, ஜாக், காற்றடிக்கும் பம்ப் கட்டாயம். மெலிந்த தற்காலிகச் சக்கரத்தை நம்பாதீர்கள். தூசி அடங்கத் தூவும் கால்சியம் குளோரைடு மழையில் சேறாகி வழுக்கும், வேகத்தைக் குறையுங்கள்.

நெடுஞ்சாலை தொடங்கும் இடத்திலிருந்து வழியில் உள்ள ஈகிள் பிளெய்ன்ஸ் நிறுத்தம் வரை சுமார் 370 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. டாசனிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். வாடகைக் கார் என்றால், சரளைச் சாலைக்கு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.