வேரியோ வாங்கும் முன் குழாயைப் பாருங்கள்

கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், ஓட்டுகிறவர்களும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர், சுருக்கமாக வேரியோ, எதை வாங்குவது? நான் ஜெர்மனியில் ஒரு சிறு கழகத்தில் 18 ஆண்டுகளாகப் பறக்கிறேன். கழக விமானங்களின் கருவிப் பலகைக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு கிடப்பதும் என் வேலைதான். எதையும் விற்பவன் அல்ல.

கேள்வி: புனே ஹடப்சரில் ஒருமுறை கிளைடரில் பயணியாகப் போனேன். பைலட்டின் முன்னால் ஒரு கருவி ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டே இருந்தது. உயரமானி இருக்கும்போது அது எதற்கு சார்?

பதில்: எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை உயரமானி சொல்லும். இந்தக் கணம் ஏறுகிறோமா இறங்குகிறோமா, என்ன வேகத்தில் என்பதைச் சொல்வது வேரியோ. இன்ஜின் இல்லாத விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று, அதாவது தெர்மல், அதைவிட வேகமாக மேலே போனால் நாமும் கூடவே போவோம். அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது. உடம்பும் பாதிதான் உதவும். லிஃப்டில் போகும்போது கிளம்புவதும் நிற்பதும் வயிற்றுக்குத் தெரியும், நடுவில் சீராக ஏறுவது தெரியாது இல்லையா? அதே கதைதான் இங்கும்.

1920களில் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் பறந்தவர்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் மோதி எழும் காற்றை நம்பியிருந்தார்கள். ஆஸ்திரியாக்காரர் ராபர்ட் குரோன்ஃபெல்ட் தெர்மலைத் தேடக் கிளைடரில் வேரியோ வைத்துப் பறந்த முதல் சிலரில் ஒருவர். 1929-ல் 100 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். நம் ஊர்ப் பருந்து இறக்கையடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் இதே தெர்மலில்தான். பருந்து வட்டமிடுவதைப் பார்த்துவிட்டால் நான் கருவியைப் பார்க்க மாட்டேன், நேரே அங்கே போய்விடுவேன்.

கேள்வி: அண்ணா, இங்கிலாந்தில் மூன்று பேர் சேர்ந்து பழைய எல்.எஸ்.4 கிளைடர் ஒன்று வாங்கினோம். பலகையில் வின்டர் கம்பெனி ஊசி வேரியோ ஒன்றும், வயதான எலெக்ட்ரானிக் வேரியோ ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் நம்ப முடியவில்லை. மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாலே ஏறுவதாகக் காட்டுகின்றன. வண்ணத்திரை வைத்த புதியது வாங்கலாம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. இரண்டு கருவியும் ஒரே பொய்யைச் சொன்னால், பொய் கருவிக்கு வெளியிலிருந்து வருகிறது.

150 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டிக்கை இழுத்து 100-க்குக் குறைக்கிறீர்கள். இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த வேகம் சுமார் 49 மீட்டர் உயரமாக மாறும். வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கியிருக்கிறீர்கள். காற்று உங்களுக்கு எதையும் தரவில்லை. சாதாரண வேரியோ இதையும் தெர்மல் என்று நினைத்துக் குதிக்கும். ‘ஸ்டிக் தெர்மல்’ என்று கேலியாகச் சொல்வது இதைத்தான்.

இதைச் சரிக்கட்டுவதுதான் டோட்டல் எனர்ஜி, அதாவது வேகத்தையும் உயரத்தையும் சேர்த்த மொத்த ஆற்றலைப் பார்ப்பது. வேரியோ ஏற்றத்தை அறிவது காற்றழுத்தம் குறைவதை வைத்துத்தான். வால் துடுப்பில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மெல்லிய குழாயைப் பார்த்திருப்பீர்கள். காற்று அதன் துளையைக் கடக்கும்போது, வேகத்துக்கு ஏற்ப உறிஞ்சல் உண்டாகிறது. வேகம் குறைந்தால் உறிஞ்சலும் குறையும். உயரம் கூடுவதால் விழும் அழுத்தத்தை அது அப்படியே ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது காற்று கொடுத்தது மட்டும். அந்தக் குழாயிலிருந்து பலகை வரை ஐந்தாறு மீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. எங்கேயாவது ஒரு விரிசல் இருந்தால் உறிஞ்சலில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். உங்கள் விமானத்தில் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

சோதிப்பது எளிது. கருவியோடு இணைத்தபடியே, வால் குழாயின் துளையில் ஒரு சிரிஞ்சைப் பொருத்தி மிக மெதுவாக இழுங்கள். வேரியோவின் ஊசி ஏற்றம் காட்டும். இழுப்பதை நிறுத்திச் சிரிஞ்சை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி பூஜ்யத்துக்கு வந்து நின்றால் சரி. பூஜ்யத்தைத் தாண்டி இறக்கத்தில் போய் நின்றால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம், ஊசி வேரியோவின் தகடு தாங்காது.

பிறகு காற்று அசையாத காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். 160-ல் சீராகப் பறந்துவிட்டு மெதுவாக இழுத்து 90-க்கு வாருங்கள். ஊசி பெரிய இறக்கத்திலிருந்து சின்ன இறக்கத்துக்கு அமைதியாக வர வேண்டும். வழியில் ஏற்றம் காட்டினால் ஈடுகட்டல் போதவில்லை. இழுக்கும்போது இறக்கம் இன்னும் கூடினால் ஈடுகட்டல் மிகுதி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலத்தில் சேமிப்பையெல்லாம் போட்டுப் புது வேரியோ வாங்கி மாட்டினேன். வசந்தம் முழுக்க அது உளறியது. செய்தவனைத் திட்டிக்கொண்டே பறந்தேன். மே மாதம் வால் குழாயைக் கழற்றினால், அது செருகும் இடத்து ரப்பர் வளையம் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. ஒரு காபி விலைகூட இல்லாத வளையம்.

கேள்வி: ஊசி வேரியோவுக்குப் பின்னால் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க் இருக்கிறதே, காபிக்கா?

பதில்: எங்கள் கழகத்தில் எல்லாப் புது மாணவர்களும் இதைக் கேட்பார்கள். வழக்கமாக 0.45 லிட்டர் கொள்ளளவு. நாம் ஏறும்போது வெளி அழுத்தம் குறையும், ஃபிளாஸ்க்குக்குள் இருக்கும் காற்று வெளியே ஓடும். அந்த ஓட்டம் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளுகிறது, அதுதான் ஊசியாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் காற்று சூடேறினால் அதுவும் விரிந்து வெளியே ஓடி, ஏறாதபோதே ஏறுவதாகக் காட்டும். அதற்குத்தான் தெர்மாஸ். உள்ளே கொஞ்சம் செம்பு நாரும் அடைத்திருப்பார்கள், வெப்பநிலை நிலையாக இருப்பதற்காக. அழுத்த உணரி வைத்த இன்றைய எலெக்ட்ரானிக் வேரியோக்களுக்கு ஃபிளாஸ்க் தேவையில்லை.

கேள்வி: நாட், மீட்டர், எதில் வாங்குவது?

பதில்: உங்கள் கழகம் எதில் பேசுகிறதோ அதில். 1 நாட் என்பது வினாடிக்குச் சுமார் அரை மீட்டர், நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாட், ஐரோப்பாவின் மற்ற இடங்களில் மீட்டர்.

கேள்வி: தெர்மல் கிடைக்கிறது, ஆனால் நடுவில் நிற்க முடியவில்லை. வேரியோ உச்சம் காட்டும் இடத்தில் உடனே திரும்பினாலும் இறக்கத்துக்குள் போய் விழுகிறேன். வேகமான வேரியோ வாங்கினால் சரியாகிவிடுமா ஐயா?

பதில்: கொஞ்சம் சரியாகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 கிலோமீட்டர் வேகத்தில் 45 பாகை சாய்த்துத் திரும்பினால் ஒரு வட்டத்துக்கு 16 வினாடி, ஆரம் 64 மீட்டர். உங்கள் வேரியோ 3 வினாடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உச்சம் காட்டும்போது நீங்கள் அந்த இடத்தைத் தாண்டி 75 மீட்டர் வந்துவிட்டீர்கள், விமானத்தின் மூக்கு 67 பாகை திரும்பிவிட்டது. ஊசி சொல்வது போன இடத்தின் செய்தி.

அதனால் நான் மாணவர்களுக்கு உச்சத்தைத் துரத்த வேண்டாம், மோசமான இடத்தைக் குறித்துக்கொள் என்பேன். வட்டத்தில் எங்கே மிக மோசமோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் நல்ல காற்று. இடப்பக்கம் சுற்றுகிறீர்கள் என்றால், மோசமான கணத்தில் நல்ல காற்று உங்கள் இடது இறக்கைப் பக்கம் இருக்கிறது. இன்னும் 90 பாகை திரும்பினால் மூக்கு அதை நோக்கும். அங்கே இறக்கைகளைச் சமப்படுத்தி, ஓரிரு வினாடி நேராகப் பறந்து, மறுபடி அதே பக்கம் சாய வேண்டும். தாமதமில்லாத கருவியில் இது சரி. 3 வினாடி ஊசியிலோ, அது மோசம் என்று காட்டும்போதே 67 பாகை ஓடிவிட்டது. மீதி இருபது சொச்சம் பாகைதான், சாய்வை நிமிர்த்தவே அது போய்விடும். ஆகவே மந்தமான ஊசி மோசத்தைக் காட்டியதும் உடனே நிமிர்த்துங்கள். வேகமான கருவியில் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு நிமிர்த்துங்கள். கருவியின் தாமதம் உங்கள் தலைக்குள் பதிய வேண்டும். அடிக்கடி கருவி மாற்றுகிறவர்களுக்கு இது பதிவதே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது. ஏற்றம் கூடிக்கொண்டே வந்தால் சாய்வைக் குறை, குறைந்துகொண்டே வந்தால் சாய்வைக் கூட்டு. வட்டம் தானே நல்ல பக்கம் நகர்ந்துவிடும். ஏற்கெனவே இரண்டு பேர் சுற்றும் தெர்மலில் மட்டும் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமே சுற்றுங்கள், கண் வெளியே இருக்கட்டும். காதில் விழும் ஒலியைக் கேட்டு மையம் பிடிக்கப் பழகுவது இதற்காகத்தான்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெனால்லா பக்கம் பறக்கிறேன். குழாயெல்லாம் சோதித்தாகிவிட்டது. எலெக்ட்ரானிக் வேரியோவில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் ஒலி. கடையில் திரையைப் பார்ப்போம், வானத்தில் ஒலியோடுதான் ஐந்து மணி நேரம் குடும்பம் நடத்துவோம். ஏறும்போது விட்டுவிட்டு, இறங்கும்போது நீட்டி ஒலிப்பதே வழக்கம். வினாடிக்கு 1 மீட்டருக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம் காதில் தெரிய வேண்டும். அப்புறம் சராசரி காட்டும் எண். ஊசி 1-க்கும் 4-க்கும் இடையே ஆடும், மனசு 4-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். 20 அல்லது 30 வினாடிச் சராசரி 1.8 என்று சொல்லும்போதுதான் புத்தி வரும். இந்தத் தெர்மலை விடலாமா வேண்டாமா என்பதை அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள். தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, வெயிலில் படிக்கக்கூடிய திரை, பலகையில் இருப்பது 57 மில்லிமீட்டர் ஓட்டையா 80-ஆ என்பது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது, இவையும் முக்கியம்.

பெயர் சொல்லச் சொன்னால், ஸ்லோவேனியாவின் எல்.எக்ஸ்.நாவ் எஸ்.8 வரிசை எங்கள் பக்கம் நிறைய ஓடுகிறது, எஸ்.80 அதன் பெரிய அளவு. உங்கள் நாட்டுத் தயாரிப்பான போர்கெல்ட் வேரியோக்களும் உண்டு. கையில் சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் திறந்த மூலத்தில் வந்த எக்ஸ்.சி.வேரியோவையும் பாருங்கள். எதை வாங்கினாலும் ஊசி வேரியோவைக் கழற்றாதீர்கள், பேட்டரி செத்த நாளில் அது ஒன்றுதான் பேசும்.

கேள்வி: நெட்டோ என்றால் என்ன? தெர்மலில் சுற்றும்போது அதைப் பார்க்கலாமா?

பதில்: விமானம் அந்த வேகத்தில் தானாக எவ்வளவு இறங்கும் என்பதைக் கழித்துவிட்டு, காற்று மட்டும் என்ன செய்கிறது என்று காட்டுவது நெட்டோ. ஒரு தெர்மலிலிருந்து அடுத்ததற்கு வேகமாக ஓடும்போது உதவும். ‘இங்கே நின்று சுற்றினால் எவ்வளவு ஏறுவேன்’ என்று காட்டும் சூப்பர் நெட்டோ இன்னும் உதவும். சுற்றும்போது பார்க்காதீர்கள், உண்மையில் ஏறுவதைவிடக் கூடுதலாகக் காட்டும். இந்தக் கணக்கெல்லாம் வருமுன் வேரியோவைச் சுற்றி திருப்பக்கூடிய ஒரு வளையம் மாட்டி, எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று படித்துக்கொண்டார்கள். பால் மக்ரெடி கொடுத்தது. 1956-ல் பிரான்சின் சென்-யானில் உலகச் சாம்பியன் ஆனவர் அவர்.

கேள்வி: பீர்-பில்லிங்கில் பாராகிளைடர் ஓட்டுகிறேன். எனக்கும் டோட்டல் எனர்ஜி வேண்டுமா? போனில் இருக்கும் அழுத்த உணரி போதாதா?

பதில்: பாராகிளைடரின் வேக வரம்பு குறுகலானது, வேகத்தை உயரமாக மாற்றும் விளையாட்டு அதில் பெரிதாக இல்லை. டோட்டல் எனர்ஜி வேண்டாம். அழுத்த உணரியோடு முடுக்கமானியும் சேர்த்துக் கணக்கிடும் சின்ன வேரியோக்கள் இருக்கின்றன, எக்ஸ்.சி.டிரேசர் மாதிரி. தாமதம் ஏறக்குறைய இல்லை, உங்களுக்கு அதுதான் சரி. போன் ஆரம்பத்துக்குப் போதும். கிளைடருக்குள் மட்டும் போன் வேரியோவை நம்ப வேண்டாம். காற்றுத் துவாரத்தைத் திறந்தாலே அறையின் அழுத்தம் மாறி, போன் ஏறி இறங்கும்.

கேள்வி: எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் வேரியோ 3 மீட்டர் ஏற்றம் காட்டுகிறது, திரும்பினால் ஒன்றுமில்லை. ஏன்?

பதில்: கிடைமட்டக் காற்று வீச்சு. 108 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று ஒரு வினாடிக்குள் வினாடிக்கு 1 மீட்டர் கூடினால், டோட்டல் எனர்ஜி வேரியோ அந்தக் கணத்தில் சுமார் 3 மீட்டர் ஏற்றம் காட்டும். அதற்கு வேகம் கூடியது மட்டும்தான் தெரியும், எப்படி என்று தெரியாது. இருக்கை தள்ளியதா என்று பாருங்கள். முதுகும் இருக்கையும் ஒன்றும் சொல்லாமல் வேரியோ மட்டும் கத்தினால் ஓரிரு வினாடி பொறுங்கள். இதையே கணினியால் பிரித்தறியும் முயற்சிதான் எல்.எக்ஸ்.நாவின் எஸ்.10, எஸ்.100-ல் கிடைக்கும் ஹாக் என்ற வசதி. நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் வேரியோவாக அதற்குப் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணா, எல்.எஸ்.4 ஆள்தான் மறுபடியும். சிரிஞ்சு வைத்துப் பார்த்தோம். ஊசி இறக்கத்தில் போய் நின்றது. இரண்டு வேரியோவுக்கும் பிரியும் மூன்று முனை இணைப்பில் குழாய் கீறியிருந்தது. மாற்றிவிட்டோம், ஸ்டிக் தெர்மல் போய்விட்டது. இப்போதாவது புதியது வாங்கலாமா?

பதில்: நல்லது. பலகைக்குப் பின்னால் மிச்சமிருக்கும் பழைய குழாயையும் இந்தக் குளிர்காலத்தில் மாற்றிவிடுங்கள், ஒரு இடத்தில் கீறியது அடுத்த இடத்திலும் கீறும். ஒரு சீசன் இந்த இரண்டையும் வைத்தே பறந்து பாருங்கள். பழைய எலெக்ட்ரானிக் வேரியோவின் ஒலி உங்களுக்குப் பழகிவிட்டால் மாற்றவே தோன்றாது. தோன்றினால் அந்தப் பணத்துக்கு என்ன வசதி வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்புறம், கீறிய அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். வண்ணத்திரை கேட்ட இருவருக்கும் அடிக்கடி எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.